டெக்ஸ்டைல் லைன்

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு சர்க்யூட் போர்டு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். நார்வேயிலிருந்து ஒரு எம்.பி. ஆலையைப் பார்க்க வருகிறார், நீதான் சுற்றிக் காட்ட வேண்டும் என்றார் மேனேஜர்.

ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பாவுக்கு இதைக் கேட்டதும் ஒரே குஷி. கோயமுத்தூர் பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டியே முப்பது வருஷம் ஓட்டியவர். சங்கத்தில் கொடி பிடித்தவர். ஒருமுறை வார்டு எலெக்ஷனில் நின்று தோற்றும் இருக்கிறார்.

"நானும் வந்து ஒரு ஓரமா நின்னுக்கறனே கண்ணு," என்றார்.

"விசிட்டர்ஸை அலவ் பண்ண மாட்டாங்கப்பா."

பச்சைப் பொய். வீட்டு ஆட்களும் வரலாம் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். சிக்கல் வேறு. பக்கத்து ஊர் பிளசன்டனில் ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு நம்மாட்கள் கூடும் பாட்லக் விருந்தில் எந்த ஊர் என்று கேட்ட வாயோடு அப்பா என்ன பண்றார் என்று கேட்பார்கள். "டெக்ஸ்டைல் லைன்ல இருக்கார்," என்பேன். மில் முதலாளி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் ஆபீஸிலேயே இருந்தார்.

எம்.பி. வந்தார். அறுபது வயதிருக்கும். கையெல்லாம் பழைய தீக்காயம். சால்டரிங் நடக்கும் இடத்தில் நின்றவர் நகரவே இல்லை. பதினாறு வயதில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்தாராம். அப்புறம் யூனியன், பிறகு நகரசபை. எம்.பி. தேர்தலில் இரண்டு தடவை மண்ணைக் கவ்விவிட்டு மூன்றாவது தடவை ஜெயித்தாராம். எதையும் மறைக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை.

"உன் அப்பாவுக்கு என்ன வேலை?" என்று திடீரென்று கேட்டார்.

பாட்லக் நண்பர் பக்கத்திலேயே நின்றார்.

"டெக்ஸ்டைல் பிசினஸ்," என்றேன்.

"ஓ, முதலாளி வீடா!" என்று என் தோளைத் தட்டிவிட்டு, போர்டுக்குப் பற்றுவைத்துக்கொண்டிருந்த வியட்நாம் பெண்களிடம் போய்விட்டார். மிச்ச நேரமெல்லாம் அவர்களோடுதான் பேச்சு. நான் கூடவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

சாயங்காலம் ஷூவைக் கழற்றுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார். "எம்.பி. ஆகறதுக்கு முன்னால என்ன பண்டீட்டிருந்தாராமா?"

இன்னொரு பொய் வாயில் வரவில்லை. "வெல்டர்ப்பா. யூனியன்ல இருந்து வந்தவரு. ரெண்டு தடவை தோத்திருக்காரு."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "அட! நம்மாளா? என்னையப் பத்தி அவருகிட்டச் சொன்னயா?"

நான் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"வேலை நேரத்துல அதையெல்லாம் எங்க பேசறது," என்று எனக்கான சமாதானத்தை அவரே சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.