மாறப்போகும் முகம்

கீழ்த்தாடை முன்தள்ளிப் பற்கள் பொருந்தாததால், எனக்குச் சோறு மெல்லுவதே பெரும்பாடாக இருந்தது. போர்க்காலம் அது. பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் டொக்டர் என்னைக் கொழும்புக்கு அனுப்பக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

“ஒப்பரேசனுக்குப் பிறகு முகமே மாறிடும், பிள்ள.”

“அடையாள அட்டையில பழைய முகம்தானே இருக்கு, டொக்டர்? ஆமிச் சென்றியில வேற ஆளெண்டு பிடிச்சா?”

கன்னத்தைப் பொத்தியபடி பக்கத்தில் காத்திருந்த ஏறாவூர்ப் பெண் சிரித்தார். “வடிவா வந்தாலும் கரச்சல்தான் புள்ள!”

டொக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு தாளெடுத்து, சத்திரசிகிச்சையால் இவளுடைய முகம் மாறும் என்று சிங்களத்தில் எழுதி முத்திரையிட்டார்.

“அது போறதுக்கு. இது திரும்பி வாறதுக்கு.”

கண்ணாடியில் நான் வெறுத்துவந்த முகம்தான், அதுவரை ஒவ்வொரு காவலரணையும் தாண்டி என்னை வீடு சேர்த்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.