போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு சாம்பிள் தைத்துக் கொடுப்பது என் வேலை. புது கம்பெனிகள் என்னைத் தேடி வர ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டர் தெரியாததால், இருப்பதிலேயே சுலபமான ஆப்பை போனில் ஏற்றினேன். தைத்து முடித்த சாம்பிள்களைப் படமெடுத்துப் போட்டு, எனக்கு வேலை கொடுக்கும் மெர்ச்சன்டைசர் பானுவுக்கு மட்டும் லிங்க் அனுப்பினேன்.

உடனே அவளிடமிருந்து போன்.

"ஏனுங்கக்கா, அந்த மஞ்சள் ஹூடி அடுத்த சீசனுக்குங்க! ஆர்டர் குடுத்த வெளிநாட்டு பையர் இன்னும் வெளியவே காட்டலீங்க. தெரிஞ்சா ஆர்டரே போயிருமுங்க."

"உனக்கு மட்டுந்தானே கண்ணு அனுப்புனேன்?"

"இல்லீங்க, யார் வேணாலும் பார்க்கலாமுங்க. மொதல்ல எடுத்துருங்க!"

பதற்றத்தில் ஆப்பையே போனிலிருந்து அழித்துவிட்டேன். அப்பாடா என்று உட்கார்ந்தால் மறுபடி பானு. "இன்னும் அப்படியே இருக்குதுங்கக்கா."

திரும்ப ஏற்றினால் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. எப்படியோ உள்ளே போய், பக்கத்தை நீக்கும் பட்டனைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அதை அழுத்தும்போதுதான் கவனித்தேன்: அதுவரை பார்த்தவர்கள் மூன்று பேர். ஒன்று நான், ஒன்று பானு.

இப்போது வேறு ஆப். சுலபமா என்று பார்ப்பதற்கு முன், போட்டதை எப்படி எடுப்பது, நான் சொல்லும்வரை பக்கம் பூட்டியே இருக்குமா என்றுதான் பார்த்தேன். படங்களும் சொந்தத் துணியில் என் மகளுக்குத் தைத்த கவுன்கள் மட்டுமே.

ஹூடி பத்திரமாகக் கப்பலேறிவிட்டது. பானு இதையெல்லாம் மறந்தேவிட்டாள். நான்தான் கம்பெனிக்குள் நுழையும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், அந்த மூன்றாவது ஆள் யாரென்று.