மாரி என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது

நம் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து, பாட்டு முடிவதற்குள் தூங்கி விழுகிறவள் நான்தான். கற்பூரம் காட்டும்போது யாராவது முழங்கையால் இடித்து எழுப்புவீர்கள். பக்தியில் கண் சொருகிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டீர்களாம். அப்படி எல்லாம் இல்லை. இரண்டு வருஷமாக நான் ஒழுங்காகத் தூங்கவே இல்லை. அது எப்படி மாறியது என்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நின்று பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். புனேவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் செல்வம் போசரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் மகர்பட்டாவில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று ஏரவாடா பக்கம் நாலாவது மாடியில் வீடு எடுத்தோம். ஒரே மகள் தர்ஷினி. எட்டு வயது.

தொல்லை இரண்டு விதமாக வந்தது. ஒன்று, கண் அசரும்போது. உடம்பு கட்டையாகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. ஆனால் கண் திறந்திருக்கும், அறை தெரியும், ஃபேன் சுற்றுவது தெரியும். கால்மாட்டில் ஒரு பெண் நிற்பாள். மஞ்சள் சேலை, ஈரத் தலை. முகம் மட்டும் தெரியாது. நின்றுகொண்டே இருப்பாள். இன்னொன்று, படுத்து ஒரு மணி நேரம் போனபிறகு வருவது. அது எனக்கு ஞாபகமே இருக்காது. எழுந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவேனாம். கண் திறந்திருக்குமாம். செல்வம் பிடித்தால் அவரையே தள்ளிவிட்டு ஓடுவேனாம். காலையில் தொண்டை கட்டியிருக்கும், முழங்கை கன்றியிருக்கும். அதை வைத்துத்தான் ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கத்தும்போது என்ன கத்துவேன் என்று கேட்டேன். "மாரி, மாரி, அம்மான்னுதான். வேற என்ன" என்றார் செல்வம்.

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. தர்ஷினி வயிற்றில் இருந்தபோது கர்ப்பம் தங்காது என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கிறேன் என்று எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிறந்தாள். கைக்குழந்தையோடு புனேவுக்குத் திரும்பினோம். லீவு இல்லை, டிக்கெட் இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. கால்மாட்டில் நிற்பது யார் என்று இனி தனியாகச் சொல்ல வேண்டுமா? வீட்டுக்காரருடைய அக்கா விருதுநகரில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவரும் போனில் அதையேதான் சொன்னார். "நேந்ததைச் செய்யாம இருந்தா அவ சும்மா விடுவாளா? வாசல்ல வந்து நிக்கத்தான் செய்வா."

அப்புறம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையை நான் தூக்கத்திலேயே வாரிச் சுருட்டிக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்திருக்கிறேன். யாரிடமிருந்தோ அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு போலிருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கமே செல்வம் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து இழுத்துவிட்டார். எனக்கு எதுவும் தெரியாது. காலையில் பார்த்தால் பிள்ளை கையில் என் நகக் கீறல்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நைட்ல நீ வேற அம்மா ஆயிடுற. எனக்கு டர் லக்தா." இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய பாஷை, பயம் என்ற சொல்லே அவளுக்குத் தமிழில் வருவதில்லை.

அன்றிலிருந்து நான் அறைக்குள்ளே, அவர்கள் இரண்டு பேரும் ஹாலில். வெளியே தாழ் போடச் சொன்னது நான்தான். செல்வம் முடியாது என்றார். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். பெற்ற பிள்ளை என்னிடமிருந்து பத்திரமாக இருக்க என்னை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. தெருமுனை டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். மஞ்சள் சேலைக்காரியைப் பற்றிச் சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ என்ற பயம். அவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் கத்தல் இன்னும் அதிகமானது. பாதியை மறைத்துச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம்.

போன வருஷம் பங்குனிக்கு எப்படியோ லீவு வாங்கி ஊருக்குப் போனோம். இருபத்தொரு நாள் விரதம் இருந்து அக்னிச்சட்டி எடுத்தேன். கை பொறுக்கவில்லை, ஆனாலும் மனசு லேசாக இருந்தது. தீர்ந்தது என்று நினைத்தேன். ரயிலில் திரும்பி வரும்போது, மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, கம்பார்ட்மெண்ட் முழுவதும் எழுந்து உட்காரும்படி கத்தினேன்.

அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை. செல்வத்துக்கும் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு அவர் மெஷின்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். பிள்ளையை மதினி வீட்டில் விட்டு ஊரிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. தர்ஷினி பொம்மைகளை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அன்று காலை சமையலறையில் விளக்கேற்றிவிட்டு நான் வேண்டியது ஒரே வேண்டுதல்தான். அழகான வார்த்தை எதுவும் இல்லை. "தாயி, எனக்கு அலுத்துப் போச்சு. உனக்குக் கோவம்னா எம்மேல வச்சுக்கோ. எம்பிள்ளைய எங்கிட்ட இருந்து பிரிச்சிராத. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச யாரையாச்சும் அனுப்பு." அவ்வளவுதான். சாம்பார் பொங்கியது, போய்விட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை. செல்வம் ஷிப்டுக்குப் போயிருந்தார். பெல் அடித்தது. பக்கத்து வீட்டு சுரேகா தாயி நின்றார். இங்கே அக்கா என்பதைத் தாயி என்றுதான் சொல்வார்கள். ஒன்பது வருஷத்தில் லிஃப்டில் சிரித்ததோடு சரி, வீட்டுக்குள் வந்ததில்லை. ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு. கையில் சுவரிலிருந்து கழற்றிய நாள்காட்டி. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் முழங்கையைத் திருப்பி அந்தக் கன்றலைப் பார்த்தார்.

"டர்னே கா நஹி. பயப்படாதே. உன் புருஷன் அடிக்கிறான்தானே?" என்று இந்தியில் கேட்டார்.

அவர் நாள்காட்டியை விரித்தார். கட்டம் கட்டமாகப் பென்சிலில் மணி குறித்திருந்தது. மூன்று மாதம். என் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்ட ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து மணி பார்த்து எழுதியிருக்கிறார். போலீசில் காட்ட வேண்டும் என்று. "எத்தனை நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது? அடித்தான், அடித்தான், அம்மா என்று நீ கத்துவது எனக்குக் கேட்கிறதே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்தியது மாரி, மாரி, அம்மா. இந்திக் காதுக்கு அது மாரா, அதாவது அடித்தான் என்றுதான் விழும்.

சிரித்தேன். அடக்க முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மாரி எங்கள் தேவியின் பெயர் என்று சொன்னேன். "அரே தேவா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சமையலறை விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வத்தையும் மதினியையும் தவிர வேறு யாரிடமும் சொல்லாத மஞ்சள் சேலை உட்பட. நடுவில் சனிக்கிழமை அரை ஷிப்டு முடிந்து செல்வம் வந்தார். வந்தவரைச் சுரேகா தாயி மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம் மனுஷன், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தாயியின் தம்பி மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூக்கத்துக்கென்றே டாக்டர் இருப்பதாக அவள் மூலம்தான் தெரிந்தது. தாயியும் கூட வந்தார், நாள்காட்டியோடு. அந்த டாக்டரம்மா என்னைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். நான் எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று செல்வத்திடம் கேட்டுக் கேட்டுப் பக்கத்தில் எழுதினார். எல்லாமே படுத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள். அதுவும் அமெரிக்கா மீட்டிங் முடித்து லேட்டாகப் படுத்த நாட்களில்தான் அதிகம். பிறகு செல்வத்திடம் கேட்டார், "இவர் குறட்டை விடுவாரா?" செல்வம் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார். பதினோரு வருஷமாக மரியாதைக்காக மறைத்திருக்கிறார்!

ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அப்போது மூளை பாதி விழித்து, பாதி தூங்கி, பயந்து கத்துகிறதாம். கால்மாட்டுப் பெண் என்பது கண் அசரும்போதே, முழுதாகத் தூங்கும் முன்பே வந்துவிடும் கனவாம். இது பெரியவர்களுக்கும் வரும், பைத்தியம் இல்லை என்றார்.

"அப்போ அது எங்கள் அம்மன் இல்லையா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் அம்மன் ஒரு குழந்தையைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போக வைப்பாளா? நீங்கள் கும்பிடுகிறவளை நீங்கள்தானே தெரிந்து வைத்திருக்க வேண்டும்?"

இரண்டு வருஷமாக நான் அவளுக்குச் செய்த அநியாயம் அப்போதுதான் தெரிந்தது. பயமுறுத்த வந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். அவளோ சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தியை எழுப்பி உட்கார வைத்து, மணி குறிக்க வைத்திருந்தாள். நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே.

மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்று மெஷின் கொடுத்தார்கள். ராத்திரி மீட்டிங்கை விட்டேன். அதனால் வேலையில் ஒரு படி இறங்கினேன், பரவாயில்லை. உடனே சரியாகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் மெஷினைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். இப்போதும் எப்போதாவது ஒருநாள் கத்துகிறேன். களைப்பு எலும்பில் ஊறிப்போனது, அது மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆனால் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். தர்ஷினி தலையணையோடு வந்து நின்றாள். "அம்மா, தள்ளிப் படு" என்றாள். தள்ளிப் படுத்தேன். பயத்தில் நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாள், இரண்டு மணி நேரம், என் கைமேல் தலை வைத்து. கை மரத்துப் போயிற்று. எடுக்கவில்லை.

நம் கூட்டத்தில் வருகிறவர்களில் யாருக்காவது சொல்ல முடியாத தொல்லை இருந்தால் அம்மனை நம்புங்கள், ஆனால் என்னைப் போல மறைத்துக்கொண்டு நம்பாதீர்கள். டாக்டரிடம் முழுதாகச் சொல்லுங்கள். அவளிடமும் முழுதாகச் சொல்லுங்கள். அவள் கோபக்காரி என்று நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். யாரை அனுப்புவாள், எந்தப் பாஷையில் பேச வைப்பாள் என்பது அவள் பாடு. அப்புறம், எங்கள் கட்டடத்திலோ பக்கத்திலோ ராத்திரி யாராவது கத்தினால் எனக்குச் சொல்லுங்கள். நான் வந்து கதவைத் தட்டுகிறேன். என்ன ஏது என்று தப்பாகப் புரிந்துகொண்டாவது வந்துவிடுகிறேன்.