மெட்டிக்கு அடியில ஒரு விரல்

இன்னிக்கு மரக்காணத்துல டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாடி உப்பளத்துல வேலை செய்யிற அக்கா ஒருத்தங்க, கூட அவங்க புருஷன். ரூம் கதவு திறந்தேதான் இருந்துச்சு.

அக்காவோட கால் கட்டைவிரல் அடியில எலும்பு புடைச்சு, விரல் சாஞ்சு பக்கத்து விரல் மேல ஏறியிருக்குது. அந்தப் பக்கத்து விரல்ல கிடக்கிற மெட்டி சதைக்குள்ள புதைஞ்சு ஒரே புண்ணு. அந்தக் காலோடதான் தினமும் உப்புத்தண்ணியில நிக்கிறாங்க.

"எலும்பு விலகினது தைலத்துக்கெல்லாம் அடங்காதும்மா. அகலமான செருப்பு போடுங்க. முதல்ல மெட்டியை வெட்டி எடுக்கணும்"னாங்க டாக்டரம்மா.

புருஷன் எழுந்துட்டார். "நான் உசுரோட இருக்கும்போதே மெட்டியைக் கழட்டுறதா? ஊர்ல என்ன பேசுவாங்க? மாத்திரை குடுங்க, போதும்."

அவர் கால்ல மெத்து மெத்துன்னு புது எம்சிஆர் செருப்பு.

அக்கா கோவமே படல. காலை மெதுவா கீழ வெச்சாங்க.

"மாத்திரையே குடுங்க டாக்டரம்மா. இவரு போய்ச் சேர்ந்தப்புறம் வந்து கழட்டிக்கிறேன்."

அடுத்த டோக்கன் அவருதுதான். பிரஷர் எகிறிக் கெடக்குதாம்.

அக்கா ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காதுன்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?