பூஜைக்கு நிமிர்த்திய வண்டி

திருவேங்கடத்துக்குக் கோபமே வராது. அது பெரிய குணம் என்று எங்கள் கட்டிடத்தில் எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கோபப்படத் தெரியாதவனைக் கல்கத்தா ஏறி மிதித்துக்கொண்டு போய்விடும். எழுபத்தொன்பதாம் வருஷத்துத் துர்கா பூஜையின்போது அதைக் கண்ணால் பார்த்தேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சந்தில் கீழ்ப்போர்ஷனில் அவரும் அவர் மனைவி காமுவும் இருந்தார்கள். மாடியில் நான். முன்பு அவர் ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு நாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. லாக்-அவுட் என்றார்கள். அந்தப் பூட்டு திறக்கவே இல்லை. அதன்பின் அவர் வேலை தேடி அலைந்த காலத்தில் காமுவின் கையும் கழுத்தும் மெல்ல மெல்லக் காலியாகின. அவள் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

கடைசியில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்ரசன்டேடிவ் வேலை கிடைத்தது. இளவட்டங்கள் செய்கிற வேலை. ஹவுராவிலிருந்து ஹாஜ்ரா வரை சந்து பொந்தெல்லாம் சுற்ற வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால்தான் இவரை எடுத்தார்கள். ஒரே நிபந்தனை, சொந்த மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும். மிச்சமிருந்த வளையலும் போய், பழைய ராஜ்தூத் ஒன்று வந்தது. இன்ஷூரன்ஸையும் முழுசாக எடுத்திருந்தார். அந்த வண்டி நின்றால் வேலை நின்றது. அவருக்கும் அது தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

பஞ்சமியன்று ஹாஜ்ரா பக்கத்தில் ஒரு டாக்டரின் சேம்பருக்கு வெளியே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். துர்கை பிரதிமையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி அந்தச் சந்துக்குள் பின்புறமாக வந்தது. முன்னால் டாக் மேளம், சுற்றிலும் கிளப் பையன்கள் கூத்தாட்டம். இத்தனை சத்தத்தில் ராஜ்தூத் நசுங்கியது யார் காதில் விழப்போகிறது. இவர் ஓடி வந்தபோது முன் ஃபோர்க் மடங்கி, டாங்க் உள்ளே போய், விளக்கு நொறுங்கிக் கிடந்தது. லாரி போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. நடந்ததைப் பார்த்தவர்களும் அம்மன் வந்த லாரிக்கு எதிராக வாயைத் திறக்கத் தயாரில்லை. போலீஸ் ஸ்டேஷனில் டைரியில் இரண்டு வரி எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பாதி நாற்காலி காலி. பூஜை விடுமுறை முடிந்து, லட்சுமி பூஜையும் கழிந்துதான் சேதத்தைப் பார்க்கிற சர்வேயர் வருவார், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள். சாமான் ஏற்றுகிற தட்டு ரிக்‌ஷாவில் வண்டியைக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே சாத்தினார். வீட்டில், "ஆபீஸ்காரா வந்து பாப்பா" என்று மட்டும் சொன்னாராம். எந்த ஆபீஸ், எதற்குப் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. வெளிக் கவலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. அந்தக் கொள்கையை அடுப்பில்தான் போட வேண்டும்.

பூஜை நாளெல்லாம் அவர் வீட்டில் இல்லை. ஊர் முழுக்கப் புதுத் துணியில் பந்தல் பந்தலாகப் போய் அம்மனைப் பார்க்கிறது. இவரும் பந்தல் பந்தலாகப் போனார், அம்மனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிளப் பையனையும் பிடித்து, வங்காளியில் அண்ணா என்று கூப்பிட்டு, "தாதா, உங்கள் பிரதிமை எந்த லாரியில் வந்தது?" என்று கேட்டுக்கொண்டு அலைந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் கையில் பிரசாதத்தைத் திணித்து அனுப்பினார்கள்.

நவமியன்று நமக்கு ஆயுத பூஜை. தொழிற்சாலை நாளிலிருந்தே அவர்கள் வீட்டுப் பூஜைக்கு சண்முகம் வருவார். அங்கே ஃபிட்டராக இருந்தவர். லாக்-அவுட்டுக்குப் பிறகு அவருக்கு ஒழுங்கான வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் தன் ஸ்பானர், சுத்தி, அரம் எல்லாவற்றையும் ஒரு கித்தான் பையில் போட்டுக்கொண்டு வந்து காமுவின் பூஜையில் வைத்து எடுத்துப் போவார். அன்று விடிந்ததும் வந்தவர் மாடிப்படிக்குக் கீழே பார்த்தார்.

"என்னம்மா இது, வண்டி இப்பிடிக் கெடக்குது?"

"லாரி இடிச்சுடுத்து. ஒடைஞ்சதுக்குப் பொட்டு வெச்சுப் பூஜை பண்ணப்படாதும்பா. எனக்கு மனசே சரியில்லை, சண்முகம். இந்த வண்டிக்குப் பண்ணாம வேற எதுக்குப் பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன். சார் வர்றதுக்குள்ள நிமித்திடறேன், பாருங்க."

நானும் அன்று வெளியே போயிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால், இன்ஷூரன்ஸ் விஷயம் அப்போது எனக்கும் தெரியாது. வருஷக்கணக்காக வேலை இல்லாமல் கிடந்த கை அது. ஃபோர்க்கை நிமிர்த்தினார். டாங்கைக் கழற்றி உள்ளிருந்து தட்டித் தட்டிச் சமமாக்கினார். இன்ஜின் அடியில் இருந்த விரிசலைப் பசை பூசி மறைத்தார். மூலைக் கடையில் கறுப்புப் பெயின்ட் வாங்கி அடித்தார். நொறுங்கிய விளக்கையும் கிழிந்த மட்கார்டையும் காமு பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். பூஜை வீட்டில் உடைசல் எதற்கு?

சாயங்காலம் கால் வீங்கித் திரும்பிய திருவேங்கடம், சந்தனமும் குங்குமமும் இட்டு, செவ்வந்தி மாலை போட்டுப் பளபளவென்று நின்ற ராஜ்தூத்தைப் பார்த்தார். பக்கத்தில் சண்முகம், முழங்கை வரை கறுப்புப் பெயின்ட், முகமெல்லாம் சிரிப்பு.

"இன்ஜின் மட்டும் சுத்த மாட்டேங்குது சார். உள்ள ஏதோ வளைஞ்சிருக்கு, பார்ட் வாங்கித்தான் போடணும். மத்ததெல்லாம் பாருங்க, புதுசு."

"ரொம்ப நன்னா இருக்கு, சண்முகம்" என்றார் திருவேங்கடம். சுண்டலை வாங்கிச் சாப்பிட்டார். சண்முகத்தை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டார். பிறகு மாடி ஏறி என் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதார். நாற்பதைத் தாண்டிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வண்டியைத் தொடக் கூடாதென்ற இன்ஷூரன்ஸ் விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லட்சுமி பூஜைக்குப் பிறகு சர்வேயர் ஹால்தார் பாபு வந்தார். ஒல்லியான, தூங்கி வழியும் மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டாங்கைத் தடவினார். கிக்கரை மிதித்தார், அசையவில்லை.

"விபத்து எங்கே?" என்று கேட்டார்.

திருவேங்கடம் உள்ளே காமுவுக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, சாஸ்திரம், சண்முகம், ஒன்று விடாமல். ஹால்தார் பாபு பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். விபத்தில் நசுங்கினால் கம்பெனி கொடுக்கும். இன்ஜின் தானாகப் பழுதானால் கொடுக்காது. இங்கே நசுங்கினதற்கு அடையாளமே இல்லை, ஓடாத இன்ஜின்தான் இருக்கிறது. "ஹோபே நா" என்றார். நடக்காது.

அன்றிலிருந்து திருவேங்கடம் அந்த ஆபீஸ் படியிலேயே குடியிருந்தார் என்று சொல்ல வேண்டும். இந்த மேஜைக்குப் போனால் அந்த மேஜை, அந்த மேஜைக்குப் போனால் டீக்கடை. ரிப்பேர் செய்த கேரேஜின் ரசீதைக் கொண்டுவா என்றார் ஒருவர். கேரேஜே இல்லாதவன் ரசீதுக்கு எங்கே போவான்? இதற்கிடையில் மருந்துக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு, காளி பூஜைக்குள் வண்டிக்கு ஒரு வழி தெரியாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். ட்ராமிலும் நடையிலுமாக அவரால் பாதி டாக்டர்களைக்கூடப் பார்க்க முடியவில்லை. சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளக்கும்படி இளைத்துப்போனார். எனக்குத் தெரிந்த ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன், சத்தமும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் படியில் உட்கார்ந்திருந்த அவரிடம் ஹால்தார் பாபுவே வந்து நின்றாராம். முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "நான் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வருகிறேன். அன்றைக்கு என்ன பார்க்கிறேனோ அதை எழுதுவேன்."

அதற்கு அர்த்தம் புரிய திருவேங்கடத்துக்கு வீடு வந்து சேரும் வரை ஆயிற்று. புரிந்ததும் என்னிடம் சுத்தியல் கேட்டு வாங்கிப் போனார். டாங்கில் ஒரு அடி வைத்தார். பெயின்ட்கூடப் பெயரவில்லை. மறுபடி ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்த காமுவுக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிமித்தச் சொன்னது நான். ஒடைக்கவும் நான்தான் போய்ச் சொல்லணும். நீங்க வராதேங்கோ" என்றாள். தனியாகக் கல்கத்தாவில் பஸ் ஏறியிராதவள், விசாரித்து விசாரித்து ஹவுராவுக்குப் போய்ச் சண்முகத்திடம் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சண்முகம் அதே கித்தான் பையோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. திருவேங்கடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் சார். எங்க எங்க அடி பட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தள்ளிக்கங்க" என்றார் சண்முகம்.

டாங்கில் இன்னும் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துணியால் துடைத்தார், துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் அடிக்க ஆரம்பித்தார். தான் தட்டிச் சமமாக்கிய டாங்கை அதே இடத்தில் உள்ளே தள்ளினார். ஃபோர்க்கைச் சுவரில் முட்டுக்கொடுத்து மடக்கினார். பசையைச் சுரண்டி எடுத்து விரிசலைத் திறந்தார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே காமு பெருமாள் பெயரைச் சொன்னது எனக்குக் கேட்டது. திருவேங்கடம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். முடிந்ததும் சண்முகம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஹால்தார் பாபு வந்தார். புதுப் பெயின்ட் உரிந்து உலோகம் மின்னுவதைப் பார்த்தார். வாசல் ஓரம் நின்ற சண்முகத்தின் கையில் முந்தின நாள் அடித்ததில் பட்ட காயத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர் என்று சொல்வதா, என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போகும்போது, கம்பெனி அங்கீகரித்த கேரேஜில்தான் வண்டியை விட வேண்டும், வேறு எவர் கை பட்டாலும் பணம் வராது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்து மேனேஜரும் அடங்கினார். வேலை தப்பியது. பவானிபூரில் இருந்த அந்த அங்கீகார கேரேஜுக்குத் தட்டு ரிக்‌ஷாவில் வண்டி கிளம்பியபோது சண்முகமும் பின்னால் ஒரு கை கொடுத்துத் தள்ளினார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே" என்றார். "அந்த கேரேஜுல ஃபிட்டர் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

திருவேங்கடம் கேட்டார். ஆள் இருக்கிறது என்று முதலாளி நிமிராமலே சொன்னாராம். திரும்பி வந்தபோது சண்முகம் இன்னும் எங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து இவரால் சொல்ல முடியவில்லை.

"காளி பூஜை கழிச்சுப் பாக்கலாம்னான்" என்றார்.

காளி பூஜை கழிந்து வண்டி தயாரென்று சொல்லி வந்தது. எடுக்கப் போனவர் ராஜ்தூத்தை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார், இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டேன்.

"சண்முகம் அந்த கேரேஜுல நிக்கறான்" என்றார். "நான் சொன்னதை நம்பிச் சலவைச் சட்டை போட்டுண்டு, பையை எடுத்துண்டு, கார்த்தாலேலேர்ந்து வாசல்ல நிக்கறானாம். என்னைப் பாத்ததும் ஓடி வந்து டாங்கைத் தடவிப் பாத்தான். நல்லாப் பண்ணியிருக்காங்க சார், இங்க சேந்தா நானும் கத்துக்கலாம்னான்."