எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்

எங்கள் அண்ணிக்குத் துணி தேய்ப்பது தொழில். வம்பைத் தேடிப் போகிற ஆள் இல்லை. எதிரே இருந்த மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறவர்களின் சட்டைகளில் குட்டிக் குட்டித் தேதி ஸ்டிக்கர்கள் ஒட்டிக்கொண்டு வரும். பசை உருகி இஸ்திரிப் பெட்டியே பாழ். சுரண்டிச் சுரண்டி அலுத்தவள் ஒருநாள் யோசித்தாள்: மாத்திரை அட்டைக்குப் புதுத் தேதி எதற்கு? நேரே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

"உங்க பேரு வெளிய வரவே வராதும்மா, அதுக்கு நான் பொறுப்பு" என்றாராம் சப்-இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷர். அதுதான் வினையே.

கிடங்குக்குச் சீல் வைத்து முதலாளியைக் கைது செய்தார்கள். அவருடைய தம்பி, காட்டிக் கொடுத்தது யார் என்று உறுமிக்கொண்டு திரிந்தான். மீதிச் சரக்கு எங்கே பதுக்கியிருக்கிறது என்று போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. தையல்காரரை உலுக்கி எடுத்தார்கள். படுக்கையில் கிடந்த வாத்தியாரைக்கூட விடவில்லை. அண்ணிக்குத் தொந்தரவு கூடாதென்று எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். போகிறபோது சப்-இன்ஸ்பெக்டர் அவளுக்கு மரியாதையாக ஒரு தலையாட்டல் வேறு.

மறுநாள் தம்பிக்காரன் வாசலில் வந்து நின்றான். "உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

"வருவாங்களா இருக்கும்" என்றாள் அண்ணி.

அவன் போனதும் நான் சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். "நீங்க காப்பாத்துற லட்சணம் இதுதானா? வந்து எங்க அண்ணிய நாலு பேர் பாக்க திட்டுங்க."

"அவங்களையா? எப்படிங்க மனசு வரும்?"

"வரவழைச்சுக்குங்க."

வந்தார். தெருவே கூடியது. "அம்மா, தயவுசெஞ்சு உண்மைய..." என்று ஆரம்பித்தார். விளங்கினாற்போலத்தான்.

"இன்னும் சத்தமா" என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"வாயத் தொறக்கப் போறியா இல்லையா?" என்று கத்தியவர், அந்த வேகத்தில் கையை வீசி, தேய்த்து அடுக்கியிருந்த துணியையெல்லாம் புழுதியில் தள்ளிவிட்டார்.

"காலைலேர்ந்து தேச்சதுய்யா" என்று அண்ணி நிஜமாகவே அழுதாள். நானும் நிஜமாகவே அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தம்பிக்காரன்தான் குனிந்து துணிகளைப் பொறுக்கித் தட்டிக் கொடுத்தான். "உங்களயும் விட்டு வைக்கல பாருங்கக்கா" என்றான். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். "நாளைக்கு அண்ணன பாக்க கோர்ட்டுக்குப் போறேன். இத மட்டும் தேச்சு வைங்க."

அண்ணி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அவன் தெருமுனை திரும்பியதும் சட்டையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெட்டியைத் தொடவில்லை. அந்தச் சட்டையை நான்தான் தேய்த்தேன்.