எதிரொலிக்குக் காத்திருக்கும் சரளா

தொட்டியின் அடியிலிருந்து முதலில் ஓர் இருமல் வரும். பிறகு, "குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ், மை நேம் இஸ் சரளா" என்று வரும். மேலே மூடியருகில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் நால்வரும் தலை நிமிர மாட்டார்கள். குடியிருப்பவர் யாராவது பயந்துபோய் எட்டிப் பார்த்தால், "அக்கா பேசறாங்க" என்பார் அவர்களில் ஒருவரான முனிராஜ், அக்கா சாப்பிடுகிறார் என்பதைப் போல.

ஆனேக்கல்லில் குடியிருக்கும் சரளாவுக்கு அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிக் கொடுப்பது தொழில். நீரை இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, மருந்தடித்து முடித்த பின் முதலாளியான தானே ஒருமுறை விளக்கோடு இறங்கிப் பார்த்தாக வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் அவர் மேலே வர அரை மணி ஆகும். மிச்ச நேரமெல்லாம் சொற்பொழிவு.

"வீட்ல பேசுனா அவரு சிரிக்கிறாரு. ரோட்ல பேசுனா லூசுன்னுவாங்க. இங்க யாரு கேக்கப் போறா?" என்பார். 'அவரு' என்பது பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் கணவர். பேசினால் தொட்டி சுத்தமாகிவிடுமா என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் ஜோலார்பேட்டைப் பக்கம். சுடிதாருக்குக் கீழே ஆண்கள் அணியும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். தலையில் பூவோடு தொட்டிக்குள் இறங்க மாட்டார். ஸ்கூட்டியின் கண்ணாடியில் சரத்தை மாட்டிவிட்டு இறங்குவார். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. கொடுத்தவர் முகம் மாறுவதைக் கவனித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார், "பழக்க தோஷம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி மடமடவெனக் குடித்துவிடுவார்.

பேச்சு ஆசை சும்மா வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் ஓர் அடுக்குமாடிச் சங்கம், வேலை கேட்டு வந்தவர்களைக் கூட்டத்தில் பேசச் சொன்னது. மைக்கைக் கையில் வாங்கிய சரளாவுக்குத் தன் பெயருக்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அடுத்து வந்தவர் லேப்டாப்பைத் திறந்து, படம் காட்டி, கைதட்டல் வாங்கி, வேலையையும் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் அதே மனிதர் அதே தொட்டியைக் கழுவும் வேலையைக் குறைந்த கூலிக்குச் சரளாவிடமே கொடுத்தார். அவரிடம் லேப்டாப் இருந்ததே தவிர ஆட்கள் இல்லை. "நான் கழுவுறதுக்கு அவன் பேசுறான்" என்று இதைச் சொல்லும்போது சரளா சிரிப்பார். சிரிப்பில் சிரிப்பு இருக்காது.

அந்தக் கோபத்தில்தான் பிரேசர் டவுனில் லாயிட் சார் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். கேக் கடை வைத்திருப்பவர், கரப்பான்பூச்சிக்கு மருந்தடிப்பவர், தையல் கடைக்காரர் என்று சிறு தொழில்காரர்கள் மேடைப் பேச்சுப் பழகும் இடம். பேசத் தெரிந்தால் வியாபாரம் வளரும் என்பது லாயிட் சாரின் கட்சி. எல்லோரும் பயத்தில் நிற்காமல் ரயில் ஓட்டுவார்கள். சரளா மட்டும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்பார், சபையைப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த வாக்கியம். "என்ன ஒரு நிதானம்! பேச்சுக்கு நடுவுல பாஸ் விடறதுன்னா சரளா மாதிரி விடணும்" என்று லாயிட் சார் உருகிப்போனார்.

நிதானமாவது ஒன்றாவது. காலித் தொட்டிக்குள் ஒன்றைச் சொன்னால் நான்கு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லும். அது அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னால் இரண்டும் கலந்து கூழாகிவிடும். அதனால் எதிரொலி அடங்கும்வரை நின்று பழகியவர், எதிரொலியே இல்லாத ஹாலிலும் அதற்காக நிற்கிறார். "எங்க கத்துக்கிட்டேன்னு சொன்னா மூக்கப் பொத்திக்குவாங்க" என்று வகுப்பில் அவர் மூச்சு விடவில்லை.

போன மாதம் சந்தாபுராவைத் தாண்டி ஒரு பெரிய அடுக்குமாடியில் பொதுக்குழு. வருடம் முழுவதற்குமான தொட்டி வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அன்று முடிவு செய்கிறார்கள். சரளாவுக்கு இது வெறும் இன்னொரு வேலையல்ல. முனிராஜைப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் சும்மான்னா எப்படிக்கா? இது கெடைக்கலைன்னா நான் போயிடறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மற்ற மூவரும் அவர் கூட்டி வந்த ஆட்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள். பிறகு சரளாவிடம் மிஞ்சுவது மோட்டாரும் பூட்ஸும்தான்.

போட்டிக்கு ஒரே ஒருவர். அதே லேப்டாப் மனிதர். வழக்கம்போலப் படம் காட்டினார், வழக்கம்போலக் கைதட்டல்.

சரளா எழுந்தார். "குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ். மை நேம் இஸ் சரளா." நின்றார்.

வகுப்பில் அந்த இடைவெளியில் அமைதி இருக்கும். இது அடுக்குமாடிச் சங்கம். இடைவெளி கிடைத்தால் விடுவார்களா? "ஓனர் பர்லில்வா?" என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார், ஓனர் வரவில்லையா என்று. "நானே சார் ஓனர்" என்றார் சரளா. சிரிப்பு எழுந்தது.

"வாட்டர் இஸ் லைஃப்" என்று தொடர்ந்து, மறுபடி நின்றார். மூன்றாவது வரிசையிலிருந்து மங்களம் என்ற அம்மாள் எழுந்துவிட்டார். "அதெல்லாம் சரிம்மா. போன வருஷம் கழுவ வந்தவங்க சாயந்தரம் தண்ணி விட்டுடறோம்னுட்டு மறுநாள் விட்டாங்க. வீடு பூரா விருந்தாளிங்க. நீ எப்ப விடுவே?"

"சாயந்தரம்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. எறங்கிப் பாத்தா தான் அழுக்கு எவ்ளோன்னு தெரியும். ஆனா ரெண்டு தொட்டியையும் ஒரே நாள்ல காலி பண்ண மாட்டேன். ஒண்ணு ரொம்பி இருந்தா தான் இன்னொண்ணுல கைய வெப்பேன். உங்க கொழாய்ல தண்ணி நிக்காது."

அப்புறம் நின்ற இடமெல்லாம் கேள்வி. மனப்பாடம் செய்த பேச்சில் கால்வாசிகூட வெளியே வரவில்லை. நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் ஹரிஷ்குமார் கையைக் காட்டினார். கதவோரம் முனிராஜ் நின்ற இடத்துக்கு வந்தார் சரளா. "போச்சு முனிராஜு. மெயின் பாயிண்டே சொல்லல." முனிராஜ் தரையைப் பார்த்தார். அதுதான் சரளாவை அதிகம் கலக்கியது.

கை தூக்கச் சொன்னார்கள். லேப்டாப் மனிதருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. ஹரிஷ்குமார் எண்ணிக்கொண்டார். "சரளா மேடத்துக்கு?"

ஒருவரும் அசையவில்லை. பாதிப் பேர் போனில் இருந்தார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

கதவோரத்தில் ஒரு கை எழுந்தது. மருந்துத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்கள்.

"அக்கா, நமக்கு ஓட்டு இல்ல" என்று முனிராஜ் பதறிப்போய்க் கிசுகிசுத்தார்.

"தெரியும்."

மங்களம் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் ஒன்று, பின்வரிசையில் இரண்டு, பிறகு போனிலிருந்து நிமிர்ந்தவர்கள். ஹரிஷ்குமார் எண்ணிக்கொண்டே கதவுவரை வந்து நின்றார்.

"மேடம், நீங்க கைய எறக்கிடுங்க. உங்களச் சேக்காமயே ஜாஸ்தி வந்துடுச்சு."

சரளா தலையாட்டினார். கையை இறக்கவில்லை.